கத்தோலிக்க எழுத்தாளர்களுக்கு ஒரு விமர்சனக் குழு: தொடங்குவதும் நடத்துவதும்

திருவிழா மலருக்குக் கவிதை, தவக்காலத்துக்குச் சிலுவைப்பாதைச் சிந்தனை, கிறிஸ்துமஸுக்கு நாடகம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலான பங்குகளில் (ஒரு கோயிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகங்களில்) உண்டு. படித்தவர்கள் "நல்லா இருக்கு, ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாதாவைப் பற்றிய கவிதையில் குறை சொன்னால் மாதாவையே குறை சொன்னதாகிவிடுமோ என்று தயக்கம். அதைப் போக்கத்தான், ஒருவர் எழுத்தை மற்றவர்கள் படித்து நிறைகுறை சொல்லும் ஒரு குழு வேண்டும்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர், தொன்னூல் விளக்கம் என்று தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். பக்தி இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை.

1. ஆள் சேர்ப்பது

நான்கு முதல் ஆறு பேர் போதும். பூசை முடிவில் அறிவிப்பு கொடுக்க வேண்டாம். அதைக் கேட்டு வருகிறவர்களில் பலர் தங்கள் எழுத்தை வாசித்துக்காட்டத்தான் வருவார்கள். அடுத்தவர் எழுத்தைப் படிக்கப் பொறுமை இருக்காது. ஏற்கெனவே எழுதுகிறவர்களைத் தனித்தனியே கேளுங்கள். பங்குத்தந்தையிடம் மறைக்கல்வி வகுப்பறையைக் கேட்டு வாங்குங்கள். அவரையே உறுப்பினராக்க வேண்டாம் என்பது என் கருத்து. சாமியார் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள்.

2. நாளும் நேரமும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பூசைக்குப் பின் ஒன்றரை மணி நேரம். புனித வாரத்தையும், கொடியேற்றம் முதல் தேர்பவனி வரையுள்ள நாட்களையும் விட்டுவிடுங்கள். தொடங்க நல்ல நாள் தேடினால், ஜனவரி 24 புனித பிரான்சிஸ் சலேசியார் விழா. 1923இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரை எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

3. முன்கூட்டியே அனுப்புவது

ஒரு கூட்டத்துக்கு இரண்டு படைப்புகள், ஒவ்வொன்றும் 1,500 சொற்களுக்குள். புதன்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும். படிக்காமல் வந்தவர் அன்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

4. கூட்டம்

சிறு ஜெபத்தோடு தொடங்குங்கள். எழுதியவர் ஒரு பத்தியை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் மிகக் கடினமான விதி, இதைத் தளர்த்தாதீர்கள். மற்றவர்கள் மூன்று விஷயம் சொல்வார்கள்: மனதில் நின்றது எது, தடுக்கிய இடம் எது, விளங்காதது எது. இருபது நிமிடம் கழித்து எழுதியவர் பதில் சொல்லலாம்.

ஒரு கதையில் "பாட்டி ஆழ்ந்த பக்தியோடு ஜெபமாலை சொன்னாள்" என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். "நல்ல வரி" என்று தாண்டிப் போகாதீர்கள். எந்த நேரம்? எங்கே உட்கார்ந்திருந்தாள்? களைப்பாக இருந்தாளா? இப்படிக் கேட்டால் அந்த வரி இப்படி மாறலாம்: "மூன்றாம் தேவ இரகசியத்தில் பாட்டியின் குரல் தேய்ந்தது, விரல் மட்டும் மணிகளை நகர்த்திக்கொண்டிருந்தது." (தேவ இரகசியம் என்பது ஜெபமாலையின் ஒரு பகுதி.) பக்தி என்ற சொல் போய்விட்டது, பக்தி கண்ணுக்குத் தெரிகிறது.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதும் நோய் தீர்ந்தது என்று முடியும் கதைகள் நிறைய வரும். அற்புதம் நடக்குமா என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்த முடிவுக்குக் கதை நம்மை அழைத்துச் சென்றதா என்று மட்டும் கேளுங்கள்.

5. விசுவாசக் கேள்விகள்

"இது திருச்சபைப் போதனைக்குச் சரியா?" என்று ஒருவர் தொடங்கினால் கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும். கேள்வியைக் குறித்துவைத்து, பிறகு மறைக்கல்வி நூலைப் பாருங்கள், அல்லது பங்குத்தந்தையைக் கேளுங்கள். நவநாள் செபங்கள் போன்ற செபப் புத்தகம் வெளியிட ஆயரின் அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (பிரிவு 826). மறைக்கல்வி நூல்களுக்குப் பிரிவு 827ஐப் பாருங்கள். சிறுகதைக்கோ நாவலுக்கோ அப்படி முன் அனுமதி கேட்பதில்லை.

6. வெளியே போகக் கூடாதது

குழுவில் படித்ததைப் பங்கு வாட்ஸ்அப் குழுவிலோ அன்பியக் கூட்டத்திலோ (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவிலோ) பகிரக் கூடாது. முதல் நாளே இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். பங்கு சின்னது. கதையில் வரும் குடிகாரக் கணவர் யார் என்று மூன்றாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படி அடையாளம் தெரிந்தால் குழுவிலேயே சொல்லிவிடுங்கள். பெயர், தெரு, தொழில் மூன்றையும் மாற்றிய பிறகே அந்தக் கதை அச்சுக்குப் போக வேண்டும்.