கடல் மாசைக் காட்சிக்கூடத்தில் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வளரும் பிள்ளைகளில் பலருக்குக் கடல் என்பது சுற்றுலா போனால் பார்க்கும் இடம்தான். அதை மறந்துவிட்டு, வயிற்றில் பிளாஸ்டிக் பையோடு செத்துக் கிடக்கும் ஆமையின் படத்தை நுழைவாயிலிலேயே மாட்டிவைப்பது முதல் தவறு. பிள்ளைகள் பரிதாபப்படுவார்கள், அந்தப் பைக்கும் தங்கள் வீதிச் சாக்கடைக்கும் உள்ள தொடர்பு பிடிபடாது.

கொங்குப் பகுதியில் இந்தக் காட்சியை நொய்யலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் அந்த ஆற்றைத் தரையில் நீண்ட வரைபடமாக அமைத்து, பிள்ளைகளை அதன்மேல் பூம்புகார் வரை நடக்க வைக்கலாம். ஆனால் ஆற்றில் விழுகிற குப்பை எல்லாம் நேரே கடலுக்குப் போய்விடுவதாகக் காட்டக் கூடாது. வழியிலுள்ள குளங்களிலும் தடுப்பணைகளிலும் தங்கி, வெள்ளம் வரும்போது நகர்வதும் உண்டு. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், நன்கொடையாளர் மனம் நோகும் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது நாகரிகம் அன்று, மறைப்பு.

மிகைப்படுத்தலும் தவறே. பசிபிக் பெருங்கடலில் மிதப்பது காலூன்றி நிற்கக்கூடிய குப்பைத் தீவு அன்று. பரந்த நீர்ப்பரப்பில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளும் கைவிடப்பட்ட மீன்வலைகளும்தான் அதில் பெரும்பாலும் இருக்கின்றன. பாட்டில் சிதைய 450 ஆண்டுகள் ஆகும் என்று பலகையில் எழுதினால், அது மதிப்பீடு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பங்கேற்புக் காட்சி என்றவுடனே தொடுதிரை வாங்குவதுதான் பணத்தை அதிகம் விழுங்கும் தவறு. திரையில் தோன்றும் பாட்டிலை விரலால் இழுத்துத் தொட்டியில் போடும் விளையாட்டில் வளர்வது விரலின் வேகம் மட்டுமே. அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல்நீரின் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, தண்ணீர் பாட்டிலிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் அதன் மூடியையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். எது மிதக்கும் என்று முதலில் சொல்லச் சொல்ல வேண்டும். இந்தப் படியை விட்டால் சோதனை வெறும் வேடிக்கையாகிவிடும். மூடி மிதக்கும், பாட்டில் துண்டு அடியில் போய்ப் படியும். கடற்பரப்பில் தெரியாத குப்பை எங்கே போகிறது என்ற கேள்வியை அப்போது பிள்ளைகளே கேட்பார்கள். பாட்டிலை முழுதாக, மூடியோடு போட்டுவிடாதீர்கள். உள்ளிருக்கும் காற்றால் அதுவும் மிதக்கும்.

பனியன் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னொன்றும் செய்யலாம். பாலியஸ்டர் சட்டையையும் பருத்திச் சட்டையையும் தனித்தனியே அலசி, அந்தத் தண்ணீரை வடிதாளில் ஊற்றிப் பூதக்கண்ணாடியில் பார்க்க வைக்கலாம். இரண்டிலும் இழைகள் உதிரும் என்பதையும், அவற்றுள் பாலியஸ்டர் இழைதான் பிளாஸ்டிக் என்பதையும் விளக்க அருகில் ஆள் நிற்க வேண்டும். திறப்பு விழாவுக்குச் செலவழித்துவிட்டு, அந்த ஆளின் சம்பளத்துக்கும் வடிதாளுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காமல் விடுவது எங்கும் காணும் பிழை.