சோர்ந்த கால்களைத் தேடிப் போகும் முறை

போலியோ சொட்டு மருந்து நாள் முடிந்தால் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்ற கணக்கில் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிடும். புதிதாக வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, கை கால் திடீரென்று சோர்ந்த பிள்ளைகளைத் தேடும் உங்கள் வேலை அதற்குப் பிறகுதான். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் கண்டறியப்பட்டார். இல்லாத நோயை ஏன் தேடுகிறீர்கள் என்று என்னிடமும் கேட்டார்கள். கிருமி தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் செயலிழந்து விழும். அந்த ஒருவரைத் தவறவிட்டால் மற்றவர்களைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் வீடு வீடாகப் போகும்போது 'போலியோ' என்று வாயெடுக்காதீர்கள். "அதெல்லாம் சொட்டு விட்டாயிற்று" என்று கதவோடு அனுப்பிவிடுவார்கள். 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது கை கால் திடீரென்று சோர்ந்ததா என்று கேளுங்கள். நாட்டு வைத்தியரான பரிசாரியின் வீட்டுக்கும் போங்கள். எண்ணெய் தேய்க்க முதலில் அங்கேதான் கொண்டுபோவார்கள். நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கை கால் சோரும் குயிலன்-பாரே நோயாகத்தான் இருக்கும் என்று வைத்தியர் சொன்னாலும் அறிவித்துவிடுங்கள். முடிவு சொல்வது ஆய்வுகூடத்தின் வேலை.

சோர்வு தொடங்கிய திகதியில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. வைத்தியசாலையில் சேர்த்த நாளை எழுதிவிடாதீர்கள். தாய் "போன கிழமை" என்பார். கோயில் சடங்குக்கு முன்னா பின்னா, அன்று பிள்ளை நடந்து போனதா என்று கேட்டால் நாள் பிடிபடும். அந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவு, ஏறத்தாழ 8 கிராம் போதும். சுத்தமான போத்தலில் எடுத்துத் திருகுமூடியை இறுக்குங்கள். மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபோர்மலின் திரவம் ஒரு துளியும் கூடாது. இப்படிச் சோர்ந்த பிள்ளைகளுக்கு மலச்சிக்கலும் வரும். போத்தலைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல் மறுநாளும் போய் எட்டிப்பாருங்கள்.

மாதிரிகளை வைக்கும் ஐஸ் பெட்டியின் உள்ளே 8 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறக் கூடாது. மூன்று நாட்களுக்குள் அது கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரவு பஸ்ஸில் அனுப்பினால் கூடவே ஓர் ஆளும் போகட்டும். நடத்துநரிடம் ஒப்படைத்தால் எஞ்சின் ஓரத்தில்தான் வைப்பார்.

60 நாட்கள் கழித்துப் பிள்ளையின் காலை மறுபடி பார்த்து, பலவீனம் மிஞ்சியிருக்கிறதா என்று பதிய வேண்டும். நெல் வெட்டுக் காலத்தில் குடும்பமே வயலிலுள்ள குடிசையான வாடிக்குப் போய்விடும். ஆகவே முதல் நாளே வீட்டு முகவரியோடு வாடி எந்த வயற்கண்டத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.