மாசிடோனிய இசையமைப்பாளர் பாண்டே ஷாஹோவின் இசையைக் கேட்கப் பழகுவது எப்படி

தற்கால மாசிடோனியச் செவ்வியல் இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, பாண்டே ஷாஹோவின் ‘மாசிடோனிசிமோ’ மிகச் சிறந்த வாயில் என்று நான் கருதுகிறேன். ஓஹ்ரிட் ஏரிக்கரை நகரத்தவரான ஷாஹோவ், ஸ்கோப்யேயில் பிறந்த பியானோக் கலைஞர் சிமோன் திர்ப்செஸ்கிக்காக, மாசிடோனிய நாட்டுப்புறப் பாடல்களையும் ஆடல்களையும் மூலமாகக் கொண்டு இந்தத் தொகுப்பை அமைத்தார். பியானோ, வயலின், செல்லோ, கிளாரினெட், தாளக் கருவிகள் எனச் சிறிய குழு ஒன்றே இதை வாசிக்கிறது. லின் நிறுவனத்தின் வெளியீடாக ஒலிப்பதிவும் கிடைக்கிறது. ஆனால் நேராக அந்த ஒலிப்பதிவுக்குப் போய்விடாமல், முதலில் கையால் தாளம் போட்டுப் பழகுங்கள். இந்த இசையின் உயிர் தாளத்தில்தான் இருக்கிறது. அது பிடிபடாதவரை மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பாதிதான் காதில் விழும்.

பழகுவதற்கு ‘யோவனோ, யோவான்கே’ என்ற நாட்டுப்புறப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வர்தார் ஆற்றங்கரையில் அமர்ந்து வெள்ளைத் துணியை வெளுத்தபடி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றிய பாடல் அது. அதன் தாளம் ஏழு அட்சரங்கள், அதாவது ஏழு சம எண்ணிக்கைகள், கொண்டது. அவை மூன்று, இரண்டு, இரண்டு எனப் பிரிகின்றன. கர்நாடக இசையின் ஏழு அட்சரத் தாளமான மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்கள் ‘தகிட தக திமி’ என்று சொல்லிக்கொண்டே முதல், நான்காம், ஆறாம் அட்சரங்களில் தட்டினால் பாடல் உடனே கைக்குள் வந்துவிடும். மாசிடோனியர்கள் ‘லெஸ்னோதோ’ என்று அழைக்கும் ஆடலும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது: ஒரு நீண்ட அடி, பிறகு இரண்டு குறுகிய அடிகள். ‘பைதுஷ்கோ’ ஆடலில் ஐந்து அட்சரங்கள், இரண்டும் மூன்றுமாக வரும். அதற்குத் ‘தக தகிட’ போதும். பதினொன்றில் அமைந்த ஆடல்களுக்குத் ‘தக திமி தகிட தக திமி’ என்று சொல்லிப் பாருங்கள். வேகம் கூடும்போது ஒவ்வோர் அட்சரத்தையும் எண்ண முயலாதீர்கள். நீண்ட அடி எது, குறுகிய அடி எது என்பதை மட்டும் உடல் உணர்ந்தால் போதும், ஏனெனில் ஆடுகிறவர்களும் அப்படித்தான் ஆடுகிறார்கள். அதே சமயம், கர்நாடகக் கச்சேரியில் கணக்காக முடியும் தீர்மானங்கள், கோர்வைகள் போன்ற தாளக் கோவைகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கணக்கை முடித்துக்காட்டும் மகிழ்ச்சியை விட, கால் தரையை விட்டு எழும் அந்தச் சிறு துள்ளலே இந்த இசைக்கு முக்கியம்.

அடுத்து, கிராமத்துக் கருவிகளைத் தனியாகக் கேளுங்கள். ‘தாபான்’ என்னும் பெரிய மேளத்தை ஒரு பக்கம் தடித்த கோலாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். தடித்த கோல் ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்தையும் அழுத்திக் காட்ட, மெல்லிய குச்சி இடைவெளிகளை நிரப்பும். ‘சூர்லா’ இரட்டை நாக்கு (சீவாளி) உள்ள ஊதுகருவி. பெரும்பாலும் இருவர் சேர்ந்து வாசிப்பார்கள், ஒருவர் மெட்டை ஊத மற்றவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். கலிச்னிக் கிராமத்தில் ஜூலை மாதம் புனித பேதுரு திருநாளை ஒட்டி நடக்கும் திருமண விழாவில், ஆண்கள் ஆடும் ‘தெஷ்கோதோ’வுக்கு இவ்விரண்டுமே துணை. தாளம் இருக்கிறதா என்று ஐயுறும் அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, கடைசியில் கொந்தளிக்கும் ஆடல் அது. இதை ஒருமுறை காணொளியிலாவது பார்த்துவிட்டு ஷாஹோவிடம் வந்தால், அவருடைய நீண்ட வேக ஏற்றங்கள் எந்த மண்ணில் முளைத்தவை என்பது விளங்கும்.

இப்போது ‘மாசிடோனிசிமோ’வைத் தொடங்கலாம். முதல் முறை கேட்கும்போது தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை பியானோவின் இடது கையையும் செல்லோவையும் கவனியுங்கள், ஏனெனில் இசையமைப்பாளரின் சொந்த வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. நாட்டுப்புற மரபு அவருக்கு மெட்டையும் தாளத்தையும் கொடுத்துவிடுகிறது. அடியில் எந்தச் சுரக்கூட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) வைப்பது, எந்த இடத்தில் அதை ஜாஸ் இசையின் பக்கம் திருப்புவது, யார் கையிலிருந்து யார் கைக்கு மெட்டை மாற்றுவது என்பவையெல்லாம் அவர் எடுக்கும் முடிவுகள். இதனால், இது வெறும் நாட்டுப்பாடல் தொகுப்புதானே என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கேட்டு முடித்த பிறகு முன்னோடிகளிடம் செல்லுங்கள். தேதோவோவில் பிறந்த தோதோர் ஸ்காலோவ்ஸ்கி (1909–2004) வடக்கு மாசிடோனியாவின் இன்றைய நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவர். அவருடைய ‘மாசிடோனிய ஹ்யூமொரெஸ்க்’ என்னும் சேர்ந்திசைப் படைப்பில் நாட்டுப்புற மெட்டு மனிதக் குரல்களில் எப்படி விரிகிறது என்று கேட்கலாம். கிரில் மகெதோன்ஸ்கி 1954-இல் அரங்கேற்றிய ‘கோட்சே’ முதல் மாசிடோனிய ஓப்பரா. வெலெஸ் நகரத்தவரான தோமிஸ்லாவ் சோக்ராஃப்ஸ்கி (1934–2000) நாட்டுப்புற மெட்டுகளை நேரடியாக எடுத்தாள்வதிலிருந்து விலகி, நவசெவ்வியல் பாணியில் தெளிந்த வடிவங்களை உருவாக்கினார். மாசிடோனிய இசையமைப்பாளர் சங்கம் 1947-இல் தோன்றியது. அதன் ‘மாசிடோனிய இசை நாட்கள்’ விழா 1977 முதல் நடந்து வருகிறது. விழா நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் அடுத்து யாரைக் கேட்கலாம் என்பது தெரிந்துவிடும். தேடும்போது பெயர்களைச் சிரிலிக் எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள். இலத்தீன் எழுத்தில் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுவதால் நல்ல ஒலிப்பதிவுகள் பல கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

இவ்வளவும் கேட்ட பிறகு ஷாஹோவின் ‘பாடல்களும் கிசுகிசுப்புகளும்’ என்ற பியானோ தொகுப்புக்குத் திரும்பலாம். போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் பிறந்த 200-ஆம் ஆண்டை ஒட்டி, 2010-இல் அவருக்கு அஞ்சலியாக எழுதப்பட்டது அது. மேளமும் வயலினும் இல்லாமல் ஒற்றைப் பியானோவில் அவர் எழுதும்போது, நாட்டுப்புறத் தாளம் எங்கே வெளிப்படையாக நிற்கிறது, எங்கே ஷோப்பனின் நிழலில் ஒதுங்குகிறது என்பதை, தட்டிப் பழகிய கையை வைத்தே நீங்கள் கண்டுகொள்ள முடியும்.