"எது போட்டாலும் சரிம்மா" என்பவருக்குச் சமைப்பது எப்படி?

மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் 11 ஆண்டுகளாக அடுப்படி என் பொறுப்பு. தினமும் 40 பேருக்குச் சமைக்கிறோம்.

புதிதாக வருபவரிடம் "என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "எது போட்டாலும் சரிம்மா" என்பார். தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்ற கூச்சம் அது. வீட்டில் எப்படிச் சாப்பிட்டார் என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். விடிந்ததும் காபியா, டீயா? இட்லிக்குச் சட்னியா, பொடியா? சோறு குழைய வேண்டுமா, உதிரியாகவா? எந்தக் கிழமை கவுச்சி தொட மாட்டார்? அமாவாசை, கிருத்திகை விரதம் உண்டா? பதில்களை ஆபீஸ் பீரோவில் பூட்டாதீர்கள். பரிமாறுபவர் கண்ணில் படும்படி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

சைவம் என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஒரு பாட்டி தினமும் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைத்தார். பசியில்லை என்றே நினைத்தோம். மூன்று வாரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மீன் குழம்பு ஊத்துன கரண்டியையே சாம்பார்லயும் போடுறாங்கம்மா." அத்தனை நாளும் அரைவயிறாக இருந்திருக்கிறார். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. அன்றைக்கே சைவத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கி, கரண்டிப் பிடியில் பச்சை நூல் சுற்றினோம். முதல் பந்தியும் அவர்களுக்குத்தான்.

அப்புறம் பத்தியம். சர்க்கரை இருக்கிறது என்று சோற்றையே நிறுத்தாதீர்கள். எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அதை அளந்து போட்டு, கூட்டும் பொரியலும் கூடுதலாக வையுங்கள். இன்சுலின் போடுபவர் விரதம் என்றால் முந்தின நாளே நர்சிடம் சொல்லிவிட வேண்டும், சாப்பிடாமல் வழக்கம்போல ஊசி போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். உப்பைக் குறைத்தவருக்கு எலுமிச்சை, சீரகம், கறிவேப்பிலை நாக்குக்கு ருசி கொடுக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள். சோறு, பருப்பு, பீட்ரூட் என்று தனித்தனியாக மசித்து வைத்தால் நிறமும் மணமும் தெரியும். எந்தப் பதம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மறதி உள்ளவரிடம் கேள்வி வேண்டாம். இட்லி ஒரு தட்டிலும் உப்புமா ஒரு தட்டிலும் காட்டி, கை போகிற தட்டை அவர் பக்கம் நகர்த்துங்கள்.

தட்டைத் தள்ளிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். அதற்காகவே ராத்திரி ஒரு கிண்ணம் தோசை மாவு எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பை அணைப்பேன்.