கிளை பிரியும் இடத்தில் ஸ்டென்ட்: வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் தவறுகள்

இதய ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் உலோக வலை) வைத்த பிறகு, ஆஞ்சியோ படத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய குழாயைச் சரிசெய்துவிட்டு கிளையில் அடைப்பை அப்படியே விட்டுவிட்டார்களே" என்று பயப்படுபவர்கள் அதிகம். பெரும்பாலும் அது தெரிந்தே விடப்படுவது. பெரிய குழாயில் ஸ்டென்ட் விரியும்போது கிளையின் வாய் நெரிந்து, படத்தில் பெரிய அடைப்பாகத் தெரியும். குழாய்க்குள் ரத்த அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியால் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை ரத்த ஓட்டத்தைக் குறைப்பதில்லை.

பெரிய குழாயில் ஒன்று, கிளையில் ஒன்று என இரண்டு ஸ்டென்ட் வைத்தால்தான் முழு வைத்தியம் என்பதும் தவறு. இதயத்தின் இடது பக்கத்துக்கு ரத்தம் தரும் தொடக்கக் குழாயான இடது முதன்மைக் குழாய் பிரியும் இடத்தில் மட்டும் விவாதம் தொடர்கிறது. 2017இல் வந்த டி.கே. கிரஷ்-5 ஆய்வில், ஓராண்டில் சிகிச்சை தோற்றது ஒரு ஸ்டென்ட்டில் தொடங்கும் முறையில் 10.7 சதவீதம், இரண்டு ஸ்டென்ட் முறையில் 5 சதவீதம். 2021இல் ஐரோப்பாவில் நடந்த இ.பி.சி. மெயின் ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது. பிரியும் இடத்தில் ஸ்டென்ட்டின் உலோகக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமையலாம். அவற்றைத் திசு மூடுவதற்குள் ரத்தம் உறைந்தால் குழாய் திடீரென்று முழுதாக அடைபடும். ஆஸ்பிரினுடன் இரண்டாவது மாத்திரை (குளோபிடோக்ரெல், டிகாக்ரெலர் போன்றவை) வழக்கமாக 6 மாதம், மாரடைப்பு வந்தவருக்கு 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவரே காலத்தைக் குறைப்பார். பல் மருத்துவர் சொன்னார் என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. சாதாரணமாக ஒரு பல் பிடுங்குவதை மாத்திரை சாப்பிட்டபடியே செய்யலாம்.

டிகாக்ரெலர் 90 மி.கி. காலை, இரவு என இரு வேளை. இரவு வேளையை மறப்பதுதான் வழக்கம். அதில் மூச்சுத்திணறல் வந்தால் மாற்று மாத்திரை கேளுங்கள், நிறுத்தாதீர்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் வயிற்றெரிச்சலுக்குக் கடையில் ஒமிப்ரசோல் வாங்கிப் போட்டால் குளோபிடோக்ரெலின் வேலை குறையும்; பான்டோபிரசோல் பரவாயில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 55க்குக் கீழ் வந்துவிட்டதென்று, அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விடுவதும் இப்படித்தான். அந்த அளவு வந்ததே மாத்திரையால்.

தொந்தரவே இல்லாதவருக்கு ஆண்டுதோறும் ஆஞ்சியோ தேவையில்லை. நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டால் அதை "கேஸ்" என்று ஒதுக்காதீர்கள்: கிளையின் வாய் மீண்டும் சுருங்கும்போது பலருக்கும் அப்படித்தான் தெரியும், ஓரிரு நாளில் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து நீடித்தால் உடனே ஆம்புலன்ஸ்.