உதடு வெடிச்சிருக்கா? லிப் பாம் வாங்குறதுக்கு முன்னாடி டப்பாவைத் திருப்பிப் பாருங்க

குன்னூர்ல வேலைக்குச் சேர்ந்த மொத டிசம்பர்லயே எனக்கு உதடு வெடிச்சு, சிரிச்சா ரத்தம் வர்ற நிலைமைக்கு வந்துருச்சு. அங்க ஒரு கடையில "நூறு சதவீதம் நேச்சுரல்"னு இலை படம் போட்ட குட்டி டப்பா ஒண்ணு இருந்துச்சு, புதினா எலுமிச்சை வாசம், விலை வேற எக்கச்சக்கம், வாங்கித் தடவுனேன். தடவுனதும் சுர்ர்னு எரியும், அப்புறம் ஜில்லுனு ஆகும், நானும் மருந்து வேலை செய்யுது போலன்னு நினைச்சு ஒரு நாளைக்கு பத்து தடவை தடவிட்டு இருந்தேன். மூணு வாரத்துல உதட்டைச் சுத்தி செவப்பா ஒரு வளையமே வந்துருச்சு. ஸ்கின் டாக்டர்கிட்ட போனா, அவங்க டப்பாவைத் திருப்பிப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுட்டு "இதைத் தூக்கிப் போடும்மா, மெடிக்கல்ல வெறும் பெட்ரோலியம் ஜெல்லி வாங்கித் தடவு"ன்னாங்க. பத்து நாள்ல சரியாயிருச்சு. அன்னைக்கு அவங்க என்னத்தப் படிச்சாங்களோ அதைத்தான் இங்க எழுதுறேன்.

ஸ்டெப் 1: உதடு ஏன் காயுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

மத்த தோல்ல பெரும்பாலும் எண்ணெய் சுரப்பி இருக்கு, உதட்டுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, மேல் தோலும் ரொம்ப மெலிசு. அதனால குளிர்காத்துலயோ ஏசி ரூம்லயோ உள்ள இருக்கிற ஈரம் சட்டுனு வெளிய போயிரும். நாக்கால நக்கி நக்கி ஈரப்படுத்துறது இன்னும் மோசம், எச்சில் ஆவியாகும்போது இருக்கிற ஈரத்தையும் காய வச்சிரும், எச்சில்ல இருக்கிற, சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற என்சைம் வேற ஏற்கனவே வெடிச்ச தோலை அரிக்கும். லிப் பாமோட வேலை பெருசா ஒண்ணும் இல்லங்க, குழம்பு சட்டிக்கு மூடி போடுறோம்ல, அதே வேலைதான்.

ஸ்டெப் 2: முன்னாடி படத்தைப் பாக்காதீங்க, பின்னாடி லிஸ்ட்டைப் படிங்க

"நேச்சுரல்"னு யார் வேணா போட்டுக்கலாம். லிஸ்ட்ல எது அதிகமா இருக்கோ அது மொதல்ல வரும், அதனால மொத அஞ்சு பேரைப் படிச்சாலே பாதி கதை தெரிஞ்சுரும். லத்தீன் பேரைப் பாத்து பயந்துராதீங்க, செரா ஆல்பான்னா தேன்மெழுகு, கோகோஸ் நியூசிஃபெரான்னா நம்ம தேங்காய் எண்ணெய், ரிசினஸ் கம்யூனிஸ்னா விளக்கெண்ணெய், அவ்வளவுதான். ஷியா பட்டர், கோகோ பட்டர், கேண்டலில்லா வேக்ஸ் (ஒரு செடியில இருந்து எடுக்கிற மெழுகு) இதெல்லாமும் பொதுவா ஓகே. லிஸ்ட் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, ஏன்னா ஒத்துக்கலைன்னா எதுன்னு கண்டுபிடிக்கிறது ஈசி. அப்படியே பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி, தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் இருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க, இன்ஸ்டால விக்கிற நிறைய டப்பாவுல இதெல்லாம் இருக்கிறதே இல்ல.

ஸ்டெப் 3: இந்தப் பேரெல்லாம் இருந்தா எடுத்த இடத்துலயே வச்சிருங்க

மெந்தால், கேம்ஃபர் அதாவது கற்பூரம், பெப்பர்மிண்ட் ஆயில், யூகலிப்டஸ், லவங்கப்பட்டை எண்ணெய், சாலிசிலிக் ஆசிட், அப்புறம் ஃபிராக்ரன்ஸ், ஃப்ளேவர், அரோமான்னு பொத்தாம்பொதுவா எழுதியிருக்கிறது. இதுல பாதிக்கு மேல செடியில இருந்து வர்ற சாமான்தான்கிறதைக் கவனிங்க. எலுமிச்சை எண்ணெய் இன்னும் ஒரு படி மேல, தடவிட்டு வெயில்ல போனா தோலே கருத்துப் போக வாய்ப்பு இருக்கு. வெடிச்ச உதட்டுல எரியுதுன்னா புண்ணாகுதுன்னு அர்த்தம், நான் மூணு வாரம் லேட்டா புரிஞ்சுக்கிட்டேன்.

நல்ல சாமான்லயும் சிலருக்கு ஒத்துக்காதது இருக்கு. லேனோலின் (ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கிறது), தேன்மெழுகோட ஒட்டிக்கிட்டு வர்ற புரோபோலிஸ் (தேனீ கூடு கட்டுறப்ப பூசுற பிசின்), ஏன் விளக்கெண்ணெய்கூட சிலருக்கு அலர்ஜி ஆகும். அதனால புதுசா எது வாங்குனாலும் முழங்கை உள்பக்கம் ஒரே இடத்துல தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பாத்துட்டு அப்புறம் உதட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு வாரமான்னு கேக்காதீங்க, அலர்ஜி சில சமயம் ஆற அமரத்தான் வரும்.

ஸ்டெப் 4: பெட்ரோலியம் ஜெல்லி பஞ்சாயத்து

"ஐயோ பெட்ரோலா"ன்னு கேக்காத ஆளே இல்ல. ராபர்ட் செஸ்ப்ரோன்னு ஒரு அமெரிக்கக்காரர் 1872ல வாசலைன்னு பேர் வச்சு பேட்டண்ட் வாங்குன சாமான் இது, கச்சா எண்ணெய்ல இருந்துதான் வருது, ஆனா நல்லா சுத்திகரிச்சதுல வாசமும் இருக்காது, அலர்ஜியும் ரொம்ப அபூர்வம். மூடி போடுற வேலையில தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய் எல்லாத்தையும் விட இதுதான் கெட்டிக்காரன். நேச்சுரல்தான் வேணும்னா தாராளமா மெழுகு பாம் வாங்குங்க, ஆனா உதடு ரத்தம் வர்ற அளவுக்கு இருந்தா ஆறுற வரைக்கும் மெடிக்கல்ல கிடைக்கிற, வாசனை சேர்க்காத வெள்ளை ஜெல்லிதான் என் ஓட்டு. வாசனை, கலர் போட்ட குட்டி டப்பா வேண்டாம்.

ஸ்டெப் 5: தடவுறதுலயும் ஒரு முறை இருக்கு

ராத்திரி பல் வெளக்கிட்டு உதட்டை லேசா ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடவுங்க, காஞ்ச உதட்டுல மூடி போட்டு என்ன பிரயோஜனம். தொங்குற தோலைப் பிச்சு எடுக்காதீங்க, சக்கரை ஸ்க்ரப் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பைக்ல போறவங்க பகலுக்கு, வெயிலைத் தடுக்கிற எஸ்பிஎஃப் 30 போட்ட பாம் பாத்து வாங்குங்க, ஜிங்க் ஆக்சைடு போட்டதா இருந்தா நல்லது. தங்கச்சியோட கூட ஒரே ஸ்டிக்கை ஷேர் பண்ணாதீங்க, உதட்டு ஓரத்துல வர்ற கொப்புளம் அப்படியும் பரவலாம். தொப்புள்ல எண்ணெய் வச்சா உதடு சரியாகும்னு எங்க அம்மா சொல்லுவாங்க, வச்சும் பாத்தாச்சு, சட்டைதான் எண்ணெய் ஆச்சு.

ரெண்டு மூணு வாரம் இப்படிச் செஞ்சும் ஆறலைன்னாலோ, வாய் ஓரம் மட்டும் பிளந்துக்கிட்டே இருந்தாலோ, கீழ் உதட்டுல சொரசொரப்பா ஒரு திட்டு போகாமலே இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிருங்க. வாய் ஓரப் புண்ணுக்கு பூஞ்சையோ, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைச்சலோ காரணமா இருக்கலாம், அதுக்கு எந்த பாமும் உதவாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உதடு காயுறது சகஜம், மாத்திரை குடுத்தவங்ககிட்டயே கேளுங்க.

ஸ்டெப் 6: வீட்டுலயே செய்யணும்னா

மொதல்ல அந்த பீட்ரூட் லிப் பாம் வீடியோவை மறந்துருங்க. பீட்ரூட் சாறுல இருக்கிற கலர் தண்ணியில கரையும், எண்ணெய்ல கரையாது, அதனால செவப்பு முத்து முத்தா பிரிஞ்சு அடியில நிக்கும். தண்ணி இருக்கிற எடத்துல பூஞ்சை வரும், நான் செஞ்சது எட்டாவது நாள் பச்சையா பஞ்சு மாதிரி மொளச்சிருந்துச்சு. ரோஸ் வாட்டர், கத்தாழைக்கும் இதே கதைதான். தேனும் எண்ணெயோட சேராம பிரிஞ்சு நிக்கும். தேன் சேர்த்ததை ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தடவவே கூடாது.

தேவையானது ரெண்டே சாமான், 5 கிராம் தேன்மெழுகு, 15 கிராம் தேங்காய் எண்ணெய். மெழுகு ஊட்டி, கோத்தகிரி பக்கம் தேன் கடைகள்ல கிடைக்கும், மஞ்சளா தேன் வாசத்தோட இருக்கணும். பழைய கத்தியால சீவிக்கோங்க, தேங்காய்த் துருவில துருவுனா அப்புறம் துருவியைக் கழுவவே முடியாது. காஞ்ச கிண்ணத்துல ரெண்டையும் போட்டு, கொதிக்கிற தண்ணி இருக்கிற பாத்திரத்துக்குள்ள வைங்க, நேரா அடுப்புல வேண்டாம். மெழுகு 62, 63 டிகிரியில உருகும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலயே உருகிரும், அதனாலதான் குன்னூர்ல கல்லு மாதிரி நின்ன பாம் மதுரையில கைப்பையில ஒழுகுது. சமவெளியில இருக்கிறவங்க மெழுகை 6, 7 கிராமா கூட்டிக்கோங்க. ஒரு சொட்டு எடுத்து ஸ்பூன்ல விட்டு ரெண்டு நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வச்சு விரலால தேய்ச்சுப் பாத்தா பதம் தெரிஞ்சுரும், கெட்டியா இருந்தா எண்ணெய், தளதளன்னு இருந்தா மெழுகு. அப்புறம் சுத்தமான குட்டி டப்பாவுல ஊத்தி ஆற விடுங்க. காறல் வாடை வந்துட்டா தூக்கிப் போட்டுருங்க.

கிண்ணத்தை மட்டும் சூடா இருக்கும்போதே பழைய நியூஸ்பேப்பரால தொடச்சிருங்க. நான் சுடுதண்ணி விட்டு சிங்க்ல ஊத்துனேன், மெழுகு போயி பைப் வளைவுல உறைஞ்சு நின்னுருச்சு, இருபது ரூபா லிப் பாமுக்கு பிளம்பருக்கு நானூறு ரூபா.