திருகோணமலையில (எங்கட திருமலையில) இருந்து விடிய வெளிக்கிட்டு பின்னேரம் திரும்பிற தூரத்தில நல்ல தூண்டில் இடம் தேடுறது எப்பிடி

முதல்ல ட்ரவுட் கதையை சொல்லிடுறன், ஏனெண்டா வெளிநாட்டு வீடியோ பாத்திட்டு நிறைய தம்பிமார் அதைத்தான் கேக்கிறாங்க. ட்ரவுட் எங்கட நாட்டு மீன் இல்ல, 1880கள்ல வெள்ளைக்காரர் நுவரெலியா மலைப்பக்க ஆறுகளுக்கு கொண்டு வந்து விட்டது, குளிர் தண்ணி இல்லாட்டி அது பிழைக்காது, தண்ணிச்சூடு 20 பாகையை தாண்டினாலே கஷ்டப்படும். ஹோட்டன் சமவெளி 1988ல தேசிய பூங்காவானது, அங்க தூண்டில் போடவும் ஏலாது. திருமலையில இருந்து மலைக்கு ஏறி ஒரே நாள்ல போய் வாறதும் நடக்காத வேலை. ஆனா ட்ரவுட் ஆக்கள் ஆத்தை பாக்கிற முறை இருக்கே, ஓட்டத்துக்கு முகம் குடுத்து மீன் எங்க ஒதுங்கி நிக்கும் எண்டு தேடுறது, அது எங்கட கொடுவாவுக்கும் அப்பிடியே சரிவரும்.

எங்கட பக்கத்தில வத்துப்பெருக்கு மிச்சம் குறைவு, ஒரு மீற்றருக்கும் உள்ள. அதால பெருக்கு நேரம் பாத்து ஓடுறதால பெரிய பிரயோசனம் இல்ல. தண்ணியை அசைக்கிறது மழைவெள்ளமும் காத்தும்தான். நல்ல தண்ணியும் உப்புத்தண்ணியும் சேர்ற இடம், குளத்து துருசால (மதகால) தண்ணி விழுற இடம், பாலத்துக்கு கீழ ஒடுங்கி ஓடுற இடம், இந்த மூண்டையும் தேடினீங்கள் எண்டா பாதி வேலை முடிஞ்சுது.

வீட்டில இருந்தே தொடங்குங்க. கூகிள் மேப்பில சற்றலைட் படத்தை போட்டு கரையோரமா வடக்க போங்க. நிலாவெளி தாண்டினோண்ண இறக்கக்கண்டி பாலம், பிறகு சலப்பையாறு, புடவைக்கட்டு, கடைசியா புல்மோட்டைப் பக்கம் யான் ஓயா, எல்லாம் ஒரே ரோட்டில வரிசையா வருது. தண்ணி நிறம் மாறுற கோடு எங்க ஓடுது, மணல் திட்டு எங்க கிடக்கு, ஆழம் கருப்பா எங்க தெரியுது எண்டு வடிவா பாருங்க. கம்பியூட்டர் இருந்தா கூகிள் ஏர்த்தில பழைய வருசத்து படங்களையும் தட்டிப்பாக்கலாம், இது பெரிய உதவி, ஏனெண்டா ஒரு ஆத்துவாய் எந்த மாசம் திறந்து கிடந்தது எந்த மாசம் மணல் மூடினது எண்டு அதில தெரியும். நான் இதை பாக்காம ஒருக்கா ஆவணி மாசம் வெருகல் பக்கம் போனன், ஆரோ சொன்னதை நம்பி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல ஓடி போய் பாத்தா நான் நினைச்ச வாய் முழுக்க மணல், ஒரு சொட்டு ஓட்டமில்ல. படத்தை பாத்திருந்தா வீட்டிலயே தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது, முதல் தரம் போகேக்க தூண்டில் கொண்டு போகாதீங்க. உண்மையா சொல்றன். தூண்டில் கையில இருந்தா கண் தண்ணியை பாக்காது, எறியத்தான் கை துடிக்கும். விடிய ஆறு மணிக்கு பாலத்தில நிண்டு ஒரு மணித்தியாலம் சும்மா பாருங்க. சின்ன மீன் கூட்டம் எங்க சிதறுது, கொக்கு எந்தக் கரையில நிக்குது, நுரை எந்தக் கோட்டில மிதந்து போகுது. நுரை போற கோட்டிலதான் றாலும் பொடிமீனும் போகும், அதுக்கு பக்கத்தில மெதுவான தண்ணியில பெரியது காத்துக்கொண்டு நிக்கும். பாலத்து தூணுக்கு பின்பக்கம் நிழலும் இருக்கு ஓட்டமும் குறைவு, கொடுவாவுக்கு அது வீடு மாதிரி, ஆனா பொழுதுபட்டாப்பிறகும் விடியமுன்னமும்தான் வெளிய வந்து இரை எடுக்கும்.

தெற்க போறது எண்டா கிண்ணியா மூதூர் ரோட்டை விட நல்ல ரோட்டு இல்ல. 2009ல கிண்ணியா பாலம் திறந்து, 2011ல உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் பாலங்களும் வந்தாப்பிறகு முந்தி பாதையில (ஆள், வாகனம் ஏத்திற தெப்பம்) ஏறி காத்துநிண்டு கடந்த இடமெல்லாம் இப்ப காரை நிப்பாட்டி பாக்கிற இடம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில விழுறது இந்தப் பக்கம்தான், அதால வண்டல், பொடிமீன், றால் எல்லாம் இங்க குறைவில்லாம இருக்கு. பாலத்துக்கு மேல நிண்டு மட்டும் எறியாதீங்க, வாகனம் வேகமா வரும், இறங்கி கரையில நில்லுங்க.

குளம் பிடிச்ச ஆக்களுக்கு கந்தளாய், திருமலையில இருந்து 40 கிலோமீற்றர் வரும். திலாப்பியா எந்தக் கரையிலயும் படும், அதுக்கு இடம் தேடவே தேவையில்ல, மண்புழு போதும். விரால் எண்டா வேற கதை. விரால் காத்து குடிக்க மேல வாற மீன், தாமரையும் புல்லும் உள்ள ஓரத்தில 'டப்' எண்டு ஒரு சத்தம் கேக்கும், அந்த இடத்தை மனசில வையுங்க. ஆனா செம்மஞ்சள் நிறத்தில குஞ்சுக்கூட்டம் ஒண்டா மிதந்தா அங்க போடவே வேண்டாம், தாயும் தகப்பனும் கீழ காவல் நிக்கும், தாயை எடுத்தா அவ்வளவு குஞ்சும் போயிடும். மற்றது, இரை தேடி குளக்கட்டில கல்லு புரட்டி கிண்டாதீங்க. 1986 ஏப்ரல் 20 உடைஞ்சு நூத்துக்கு மேல ஆக்களை கொண்டுபோன கட்டு அது, அந்த ஊர் ஆக்கள் முன்னுக்கு அப்பிடி செய்யவே கூடாது.

காலம் பாக்கிறது இப்பிடி. வைகாசியில இருந்து ஆவணி மட்டும் கச்சான் காத்து (தென்மேல் காத்து), கடல் அமைதி, தண்ணி தெளிவு, ஆனா ஆத்துவாய் பல மூடிக்கிடக்கும், அந்த நேரம் குளமும் கல்லுக்கரையும் நல்லது. ஐப்பசி மழை தொடங்கி வாய் வெட்டுப்பட்டோண்ண உள்ளுக்க கிடந்த மீன் வெளிய வரும், கொடுவா முட்டையிட வாய்ப்பக்கம் இறங்கும். வெள்ளம் கலங்கல் தேத்தண்ணி மாதிரி ஓடேக்க ஒண்டும் படாது, ரெண்டு மூண்டு நாள் விட்டு நிறம் கொஞ்சம் தெளியேக்க போங்க. கொடுவா முதல்ல ஆணா வளந்து பிறகு பெண்ணா மாறுற மீன், அதால ஆகப்பெரிய மீன் எல்லாம் முட்டைத்தாய். நான் அதுகளை படம் எடுத்திட்டு விட்டிடுவன், நீங்களும் விட்டா எங்கட ஆறு நல்லா இருக்கும்.

விசாரிக்கிறதெண்டா தூண்டில்காரரை விட வீச்சு வலைக்காரரிட்ட கேளுங்க, தண்ணிக்கு கீழ கிடக்கிற கட்டையும் குழியும் அவங்களுக்குத்தான் தெரியும். 'எங்க மீன்' எண்டு நேர கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, அது அவங்கட சோறு. ஒரு பிளேன்ரீ வாங்கி குடுத்து 'காக்கா, இதில வலை எங்க சிக்கும்' எண்டு கேளுங்க, வலை சிக்கிற இடத்தில கட்டை இருக்கு, கட்டை இருந்தா மீன் இருக்கு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெள்ளி மத்தியானம் போனா ஜும்மா நேரம், ஆக்கள் இருக்க மாட்டாங்க. அப்பிடி ஒரு காக்காதான் (முஸ்லிம் அண்ணைமாரை இங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) என்னை மகாவலிக் கங்கைக் கரையில கையைப் பிடிச்சு இழுத்தவர், நான் கால் வைக்க போன சேத்தில முதலை வழுக்கி இறங்கின தடம் ஈரமா இருந்தது. அண்டையில இருந்து ஆறு, குளம் எதிலயும் முழங்கால் தண்ணியில இறங்கிறதில்ல, கரையில இருந்து நாலஞ்சு அடி தள்ளித்தான் நிக்கிறன், மீனை அங்க வச்சு கழுவிறதும் இல்ல. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனா யானை, பொழுதுபட முன்னம் திரும்பிடுங்க. புறாத்தீவும் சோமாவதியும் தேசிய பூங்கா, அங்க தூண்டில் போட ஏலாது, கடற்படைப் பகுதிகளும் அப்பிடித்தான், அறிவிப்புப் பலகை இருக்கிற இடத்தில தூண்டிலை வெளிய எடுக்கவே வேண்டாம்.

கடைசியா ஒரு கொப்பி வாங்குங்க. திகதி, காத்து எந்தப் பக்கம், தண்ணி நிறம், வாய் திறந்ததா மூடினதா, என்ன பட்டது, ஒண்டும் படாட்டியும் எழுதுங்க. என்ர கொப்பியில இறக்கக்கண்டிக்கு மட்டும் பதினொரு பக்கம் இருக்கு, அதில ஏழு பக்கம் வெறுங்கையோட வந்த நாள். மிச்ச நாலு பக்கத்திலயும் ஒரே விசயம்தான் கிடக்கு, பெருமழை விட்டு மூண்டாம் நாள் விடியப்புறம், வடக்குப்பக்க தூண். இந்த ஐப்பசிக்கும் நான் அங்கதான் நிப்பன்.